அனோதென்: மறுபடியுமா, மேலிருந்தா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், இரவில் தம்மைத் தேடிவந்த யூதத் தலைவர் நிக்கொதேமுவிடம் இயேசு சொல்வதை நம்மிடையே பரவலாகப் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம் "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால்" என்று தருகிறது. உங்கள் ஊர்ப் போதகர், கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள ‘அனோதென்’ என்ற வினையடைக்கு ‘மேலிருந்து’ என்பதே பொருள், ‘மறுபடியும்’ என்று எழுதியது பிழை என்கிறார். உங்கள் நண்பரோ அகராதியைக் காட்டி, இரண்டு பொருளும் உண்டு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் பொதுவாக என்னென்ன பொருள், அந்தக் குறிப்பிட்ட வாக்கியத்தில் எது பொருந்தும், தமிழ் மொழிபெயர்ப்பைப் பிழை என்று சொல்லத் தகுமா என்பவை அவை. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்குப் பாதிதான் உறுதி. மூன்றாவதற்கு நான் சொல்லப்போவது என் கருத்து மட்டுமே. பழங்கிரேக்கம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பு மாணவர்களிடையே இந்தச் சண்டை ஒருமுறையாவது மூண்டுவிடும், பெரும்பாலும் இரு தரப்பும் பாதி சரியாக இருக்கும்.

சொல்லின் அமைப்பு எளிமையானது. ‘அனோ’ என்றால் மேலே. ‘தென்’ என்பது நம் ‘இருந்து’ போல, ஓர் இடத்திலிருந்து புறப்படுவதைக் காட்டும் விகுதி. ‘பொதென்’ என்றால் எங்கிருந்து, ‘ஒய்கொதென்’ என்றால் வீட்டிலிருந்து, ‘ஊரனொதென்’ என்றால் வானத்திலிருந்து. ஆகவே ‘அனோதென்’ மேலிருந்து. உங்கள் போதகர் இந்தக் கணக்கை வைத்துத்தான் பேசியிருப்பார். கணக்கு சரியே, ஆனால் ஒரு சொல்லை உடைத்துப் பார்த்தால் அது எங்கே பிறந்தது என்பது தெரியுமே தவிர, எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. அந்த விகுதியே நாளடைவில் தேய்ந்துபோனதற்குச் சான்றுகள் உண்டு. ‘எம்ப்ரொஸ்தென்’ என்றால் முன்னால், ‘ஒபிஸ்தென்’ என்றால் பின்னால். ‘முன்னாலிருந்து’, ‘பின்னாலிருந்து’ என்று அவற்றை எப்போதும் பிரித்துப் பொருள் கொள்ள முடியாது. எருசலேம் ஆலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரை கிழிந்தது என்று மாற்கு எழுதும்போது, ‘இருந்து’ என்னும் பொருளுடைய ‘அப்போ’ என்ற முன்னிடைச்சொல்லையும் ‘அனோதெனு’க்கு முன்னால் சேர்த்தே எழுதுகிறார். விகுதி மட்டும் முழு வலுவோடு இருந்திருந்தால் அதற்குத் தேவை வந்திராது.

இனி வழக்குக்கு வருவோம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரொடோட்டஸ் தம் வரலாற்றின் முதல் புத்தகத்தில் ஒரு கதை சொல்கிறார். லிதிய அரசன் குரோசஸ் படையோடு ஹாலிஸ் ஆற்றங்கரைக்கு வந்து, கடக்க வழியில்லாமல் நிற்கிறான். படையில் இருந்த மிலேத்து நகரத்து அறிஞர் தேலீஸ், பாசறைக்கு ‘அனோதென்’ தொடங்கிப் பிறைவடிவில் ஆழமான கால்வாய் ஒன்றை வெட்டச் சொல்கிறார். ஆறு பாசறையின் பின்புறமாகச் சுற்றிப் பழைய தடத்தில் மீண்டும் சேருகிறது. நீர் இரண்டாகப் பிரிந்ததால் இரண்டு கிளைகளையும் நடந்தே கடக்க முடிகிறது. இது கிரேக்கர்கள் சொல்லும் கதை, என் எண்ணத்தில் அங்கிருந்த பாலங்கள் வழியாகவே படை போயிற்று என்று ஹெரொடோட்டஸ் தம் ஐயத்தையும் சேர்த்தே சொல்கிறார். நமக்கு வேண்டியது கதையின் உண்மையன்று. இங்கே ‘அனோதென்’ வானத்தையோ மலையுச்சியையோ குறிக்கவில்லை, ஆற்றின் மேல்பக்கத்தை, அதாவது நீர் வருகிற திசையைக் குறிக்கிறது. தலைமடை, கடைமடை என்று பேசிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தலைமடைதான் மேல், அதுதான் தொடக்கமும். தண்ணீரைப் பொறுத்தவரை மேலும் முதலும் ஒரே இடம்.

இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் சொல்லின் மற்றப் பொருள்கள் தாமாகவே வந்துவிடும். மேல்நுனி என்பது தொடக்க நுனி ஆகிறது. இடத்தைச் சொல்லிவந்த சொல் காலத்தையும் சொல்லத் தொடங்குகிறது. பிளேட்டோவின் பிலேபஸ் என்ற உரையாடலில், ஒரு வாதத்தைச் சற்று மேலேயிருந்து தொடங்குவது பற்றி சாக்ரட்டீஸ் பேசும்போது, அடிப்படையிலிருந்து, முன்னதான ஓரிடத்திலிருந்து என்பதே பொருள். எனக்கு மிகவும் பிடித்த சான்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸ் எழுதிய பதினைந்தாம் பாடலில் இருக்கிறது. சிராக்கூஸ் நகரத்துப் பெண்கள் இருவர் அலெக்சாந்திரியாவில் அரண்மனைத் திருவிழாவைப் பார்க்கப் போகிறார்கள். கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டே வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருவன், இந்தப் புறாக்கள் வாயை அகலத் திறந்து பேசியே கொல்கின்றன என்று எரிந்துவிழுகிறான். பிராக்சினோவா என்பவள் உடனே திருப்பிக் கொடுக்கிறாள்: இந்த ஆள் எங்கிருந்து வந்தான், நாங்கள் வாயாடினால் உனக்கென்ன, சிராக்கூஸ்காரிகளுக்கா கட்டளையிடுகிறாய், தெரிந்துகொள், பெல்லெரொஃபோனைப் போல நாங்களும் ‘அனோதென்’ கொரிந்தியர், தோரியர்கள் தோரியத்தில் பேசக் கூடாதா என்கிறாள். ‘எங்கிருந்து’ என்று அவள் கேட்கும் ‘பொதென்’ என்பதிலும் நாம் பார்த்த அதே விகுதிதான் நிற்கிறது. பெல்லெரொஃபோன் கொரிந்து நகரத்துப் புராண வீரன். தோரியம் என்பது கொரிந்தியரும் சிராக்கூஸ்காரரும் பேசிய கிரேக்க வட்டார வழக்கு. சிராக்கூஸ் என்பது கொரிந்தியர் குடியேறி அமைத்த நகரம். எனவே அவள் சொல்வதற்கு ‘மேலிருந்து கொரிந்தியர்’ என்றோ ‘மறுபடியும் கொரிந்தியர்’ என்றோ பொருள் கொண்டால் இரண்டும் அபத்தம். பூர்வீகத்தில், வழிவழியாக, ஆதியிலிருந்தே என்பதுதான் பொருள். உங்கள் நண்பர் காட்டிய அகராதியில் இந்தப் பொருளும் கட்டாயம் இருந்திருக்கும். இரண்டு பொருள்தான் என்று அவர் சுருக்கிக்கொண்டது வாதத்துக்கு வசதியாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

நம் மொழியிலும் ‘மேல்’ காலத்துக்குள் நுழைந்திருப்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம். "மேலைத் தவத்தளவே ஆகுமாம் தான்பெற்ற செல்வம்" என்று மூதுரையில் ஔவையார் சொல்லும்போது ‘மேலை’ என்பது முற்பிறப்பில் செய்த தவம். ‘இனிமேல்’ என்னும்போது அதே மேல் வருங்காலம். கிரேக்கச் சொல் போன பாதை இதுவே என்று நான் சொல்லவில்லை. மேல் என்னும் இடச்சொல் காலச்சொல்லாக மாறுவதில் விந்தை ஒன்றும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

‘மறுபடியும்’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்தது. முதலிலிருந்து ஒன்றைச் செய்வது என்றால், ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்ததை அடியிலிருந்து திரும்பச் செய்வது என்ற குறிப்பு எளிதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கணக்கு தப்பிய பிள்ளையிடம் முதலிலிருந்து போடு என்றால் மறுபடியும் போடு என்றுதானே அர்த்தம். ஆனால் வெறும் மறுபடியும் அன்று. விட்ட இடத்திலிருந்து தொடராமல், புதிதாக, முழுவதுமாக என்பதும் அதில் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், அபிமெலேக்கு ஈசாக்கோடு நட்பைப் புதுப்பித்துக்கொண்டதைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லைப் போடுகிறார். பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில், ‘பலின்’ என்ற சொல்லையும் ‘அனோதென்’ என்பதையும் அடுத்தடுத்து வைத்து, பழைய அடிமைத்தனத்துக்கு மறுபடியும் அடியிலிருந்து போக விரும்புகிறீர்களா என்று கேட்கிறார். ‘பலின்’ என்பதுதான் கிரேக்கத்தில் சாதாரணமான ‘மறுபடியும்’. சாலொமோனின் ஞான நூலிலும் இந்த இரண்டும் இணைந்தே வருகின்றன. அங்கே படைப்பு முழுவதும் புதிதாக உருவமைக்கப்படுவதைச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் நெருக்கமான சான்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கனாநூல் எழுதிய அர்த்தெமிதோரஸிடம் இருக்கிறது. தான் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து பிறப்பதாகக் கனவு காண்பவனின் மனைவி கருவுற்றிருந்தால், எல்லாவற்றிலும் அவனைப் போன்ற மகன் பிறப்பான், அப்படியானால் அவனே ‘அனோதென்’ பிறந்தது போல் ஆகும் என்கிறார். பிறத்தலைக் குறிக்க அவர் போடும் வினையும் யோவானில் உள்ள அதே வினைதான். அதை மேலிருந்து பிறப்பதாக வாசிக்க வழியே இல்லை. ஆகவே ‘அனோதென்’ என்பதற்கு ‘மறுபடியும்’ என்ற பொருள் கிரேக்கத்தில் கிடையாது என்று யாராவது சொன்னால், அது தவறு. இதில் ஐயத்துக்கு இடமில்லை.

அதற்காக யோவான் மூன்றில் அதுதான் பொருள் என்று முடிந்துவிடவில்லை. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் 13 இடங்களில் வருகிறது, அவற்றில் ஐந்து யோவானில். நிக்கொதேமுவின் உரையாடலில் வரும் இரண்டை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றைப் பாருங்கள். அதே மூன்றாம் அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில் "உன்னதத்திலிருந்து வருகிறவர் எல்லாரிலும் மேலானவர்" என்று வருகிறது. அந்த வசனத்திலேயே பரலோகத்திலிருந்து வருகிறவர் என்ற விளக்கமும் இருப்பதால் ஐயமில்லை. பத்தொன்பதாம் அதிகாரத்தில், பரத்திலிருந்து கொடுக்கப்பட்டிராவிட்டால் என்மேல் உமக்கு அதிகாரம் இராது என்று ரோம ஆளுநர் பிலாத்துவிடம் இயேசு சொல்லும் இடம் இரண்டாவது. மூன்றாவது, போர்ச்சேவகர் சீட்டுப்போட்ட, இயேசுவின் தையலில்லாத அங்கி; அது மேலே தொடங்கி முழுவதும் நெய்யப்பட்டது. ஒரு நொடி இந்த அங்கியருகே நில்லுங்கள். நெசவு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சுவை உண்டு. கிரேக்கர்களின் பழைய தறி ஒன்று செங்குத்தாக நிற்கும். மேலே ஒரு கட்டை, அதிலிருந்து பாவு நூல்கள் தொங்கும், நூல்களின் கீழ்நுனியில் கல்லோ சுட்ட மண்கட்டியோ கட்டியிருப்பார்கள். அதில் ஊடையை மேலிருந்துதான் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டு நெய்ய முடியும். அங்கே மேல்நுனி எதுவோ அதுவே துணியின் முதல்நுனி. அந்த அங்கி அப்படிப்பட்ட தறியில்தான் நெய்யப்பட்டதா என்பதை வசனம் சொல்லவில்லை. ஆனால் ‘மேலிருந்து’, ‘முதலிலிருந்து’ என்னும் இரண்டு பொருளையும் கையில் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடத்தை நான் மாணவர்களுக்குக் காட்டியதில்லை.

ஆக, யோவான் ஐயமின்றிப் பயன்படுத்தும் மூன்று இடங்களிலும் ‘மேலிருந்து’ என்பதே பொருள். தமக்கு வெறும் ‘மறுபடியும்’ தேவைப்படும்போது அவர் ‘பலின்’ என்றே எழுதுகிறார், அந்த நற்செய்தியில் நாற்பது தடவைக்கு மேல். தேவனால் பிறந்தவர்கள் என்ற எண்ணம் முதல் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. பிறத்தலைக் குறிக்கும் ‘கென்னவோ’ என்ற அந்த வினைக்குத் தாய் பெறுதல் என்பதோடு தந்தை பிறப்பித்தல் என்ற பொருளும் உண்டு என்பதால், இங்கே எத்தனையாவது தடவை என்பதைவிட யாரிடமிருந்து என்பதே முன்னால் நிற்பதாக வாசிக்க இடமிருக்கிறது. உங்கள் போதகரின் பக்கம் நிற்கும் வலுவான காரணங்கள் இவை. ‘தென்’ விகுதியை உடைத்துக் காட்டுவதைவிட இவற்றைச் சொல்லியிருந்தால் அவர் வாதம் நன்றாக நின்றிருக்கும்.

மறுபக்கத்தில் நிக்கொதேமு இருக்கிறார். இயேசு சொன்னதைக் கேட்டதும் அவர் கேட்பது, கிழவனான ஒருவன் தன் தாயின் வயிற்றில் ‘தெவ்தெரொன்’, அதாவது இரண்டாந்தரம், நுழைந்து பிறக்கக் கூடுமா என்பதே. ‘மேலிருந்து’ என்று மட்டும் அவர் காதில் விழுந்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திராது. கதைப்படி அவர் ‘மறுபடியும்’ என்றே எடுத்துக்கொண்டார். அவர் தவறாகப் புரிந்துகொண்டார், ஆகவே அந்தப் பொருள் தவறு என்று சிலர் உடனே முடித்துவிடுகிறார்கள். நான் அவ்வளவு விரைவாக முடிக்க மாட்டேன். இந்த நற்செய்தியில் இது திரும்பத் திரும்ப வரும் ஓர் உத்தி. அடுத்த அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் சொல்லப்படும் ‘உயிருள்ள தண்ணீர்’ என்பது கிரேக்கத்தில் ஓடும் ஊற்றுநீருக்கும் வழக்கமான சொல்; அவள் அதைத்தான் எண்ணி, மொள்ளப் பாத்திரமில்லையே என்கிறாள். இதே உரையாடலில் எட்டாம் வசனத்தில் வரும் ‘ப்நெவ்மா’ காற்றும் ஆகும், ஆவியும் ஆகும். பதினான்காம் வசனத்தில் ‘உயர்த்தப்படுதல்’ சிலுவையில் தூக்கப்படுவதாகவும் மேன்மை பெறுவதாகவும் நிற்கிறது. இரண்டு பொருள் கொண்ட சொற்களை இவ்வளவு நெருக்கமாக அடுக்கிய ஒருவர் ‘அனோதென்’ என்பதை மட்டும் ஒரே பொருளில் போட்டார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. கேட்பவர் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள, சொல்பவர் மற்றதை நோக்கி நகர்த்துகிறார் என்று வாசிப்பதே பொருத்தம். இது என் தனிக் கண்டுபிடிப்பன்று, உரையாசிரியர்கள் பலரும் ஏற்பது. ஆனாலும் இது வாசிப்புதான், இலக்கண விதியன்று. எழுதியவரின் மனத்தை விகுதிகளிலிருந்து எடுத்துவிட முடியாது.

அந்த உரையாடல் அரமேய மொழியில் நடந்திருந்தால் இந்தச் சிலேடை அங்கே இருந்திருக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். அது வரலாற்றுக் கேள்வி, கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதைத் தீர்க்க முடியாது. நம் கையில் இருப்பது கிரேக்க வாக்கியம். சிலேடை அந்த வாக்கியத்தில் இருக்கிறது, அவ்வளவே.

பழைய வாசகர்களும் ஒரே பக்கம் சாயவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் ஞானமுழுக்கைப் பற்றி எழுதும்போது இந்தக் கூற்றை ‘மறுபடி பிறத்தல்’ என்ற பொருள் மட்டுமே உள்ள வேறு வினையால் சொல்கிறார். சிரிய மொழியின் பெஷித்தா மொழிபெயர்ப்பு ‘தலையிலிருந்து’ என்று சொல்லுக்குச் சொல் பொருள்படும் தொடரால், முதலிலிருந்து, புதிதாக என்று தருகிறது. லத்தீன் வேதாகமமான வுல்காத்தா மூன்றாம் வசனத்தில் ‘மறுபடியும்’ என்றும், அதே சொல்லை 31ஆம் வசனத்தில் ‘மேலிருந்து’ என்றும் பெயர்க்கிறது. நம் தமிழ் வேதாகமம் செய்திருப்பதும் இதுவே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கத்தையே தாய்மொழியாகக் கொண்ட மறையுரையாளர் கிறிசொஸ்தோம், இந்த இடத்துக்கு வானத்திலிருந்து என்று சிலரும் தொடக்கத்திலிருந்து என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள் என்று பதிவு செய்கிறார். அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அது இரண்டாகத் தெரிந்தது என்றால், நாம் ஒன்றாக்கிவிட முயல்வது வீண்.

ஆகவே தமிழில் இருப்பதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பிழை என்பது மூலத்தில் இல்லாததை எழுதுவது. இங்கே மூலத்தில் உள்ள இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டிருக்கிறார்கள். நிக்கொதேமுவின் கேள்வி தமிழில் பொருந்தி நிற்க வேண்டுமானால் ‘மறுபடியும்’ வேண்டும். ‘மேலிருந்து பிறவாவிட்டால்’ என்று சொன்னவரிடம் ஒருவர் இரண்டாந்தரம் தாயின் வயிற்றில் நுழைவதைப் பற்றிக் கேட்டால் தமிழ் வாசகர் திகைத்துப்போவார். ஆனால் இதற்குக் கொடுத்த விலையும் சிறியதன்று. மூன்றாம் வசனத்தில் உள்ள சொல்லும் 31ஆம் வசனத்தில் உள்ள சொல்லும் ஒன்றே என்பது தமிழில் மறைந்துபோகிறது. அத்தோடு, மறுபிறவி என்ற எண்ணம் ஊறிய நம் சூழலில் ‘மறுபடியும் பிறத்தல்’ என்றதும் வேறொரு கொள்கை மனத்தில் வந்து நிற்கிறது. வகுப்பில் இந்தக் குழப்பத்தை நான் பலமுறை அவிழ்க்க வேண்டியிருந்திருக்கிறது. ‘மேலிருந்து புதிதாய்ப் பிறத்தல்’ என்று இரண்டையும் சேர்த்து ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பொருள் வந்தது, சிலேடை செத்தது. கேட்பவர் தவறிப் பிடிப்பதற்கு அதில் இடமே இல்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு சிக்கல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாக்கோபு நிருபத்தில் வரும் மூன்றும் பரத்திலிருந்து என்பதே. லூக்கா தம் முன்னுரையில், எல்லாவற்றையும் ‘அனோதென்’ விசாரித்தறிந்ததாகச் சொல்வது ‘ஆதிமுதல்’ என்று தமிழில் சரியாகவே வந்திருக்கிறது. நெடுநாளாக என்று அதை வாசிப்பவர்களும் உண்டு, அதற்கும் இடம் இருக்கிறது. மேலிருந்து, அதாவது தெய்வ வெளிப்பாட்டால், அறிந்தேன் என்று லூக்கா சொல்வதாகப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். விசாரித்தறிந்தேன் என்று உழைப்பைச் சொல்லும் வினைக்குப் பக்கத்தில் அந்தப் பொருள் ஒட்டவில்லை, நான் ஏற்கவில்லை. அப்போஸ்தலர் 26ஆம் அதிகாரத்தில் யூதர்கள் தன்னை ஆதிமுதல் அறிவார்கள் என்று பவுல் சொல்வதும் காலத்தைக் குறித்ததே.

உங்கள் போதகரிடமும் நண்பரிடமும் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். போதகரிடம், யோவானின் மற்ற மூன்று இடங்களை எடுத்துக்காட்டி அவர் சாய்வு சரியான பக்கமே என்று சொல்லுங்கள், அர்த்தெமிதோரஸைக் காட்டிப் ‘பிழை’ என்ற சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நண்பரிடம், அகராதி ஒரு சொல்லால் என்னென்ன முடியும் என்பதைத்தான் பட்டியலிடும், ஒரு வாக்கியத்தில் எது நிற்கிறது என்பதை அந்த வாக்கியமும் அதை எழுதியவரின் பழக்கமும்தான் சொல்லும் என்று சொல்லுங்கள். நான் என் தமிழ்ப் பிரதியில் மூன்றாம் வசனத்துக்கும் ஏழாம் வசனத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘மேலிருந்து, 31ஐப் பார்க்க’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அச்சிட்ட ‘மறுபடியும்’ என்பதை அடிக்கவில்லை.